உடம்பில் தங்கிவிட்ட அதிர்ச்சி: உடல்வழிச் சிகிச்சையால் தீருமா?

கேள்வி இதுதான்: "பழைய கெட்ட அனுபவத்தைப் பற்றி ஆலோசகரிடம் நிறையப் பேசிவிட்டேன். என்ன நடந்தது, ஏன் நடந்தது, தப்பு என்னுடையதில்லை என்பதெல்லாம் புத்திக்குப் புரிகிறது. உடம்புக்குத்தான் புரியமாட்டேன் என்கிறது. யாராவது குரலை உயர்த்தினால் தொண்டை கட்டிக்கொள்கிறது, தோள்பட்டை கல்லாகிவிடுகிறது, ராத்திரியில் வயிற்றைப் பிசைகிறது. ட்ராமா, அதாவது பழைய அதிர்ச்சி, தசைகளில் சேர்ந்து கிடக்கிறது, இரண்டு நாள் முகாமுக்கு வந்தால் வெளியேற்றிவிடலாம் என்கிறார்கள். நம்பலாமா?"

உடம்பு வழியாகப் போவது நல்ல யோசனை, பலருக்கு உதவுகிறது. இரண்டு நாளில் வெளியேற்றித் தருகிறோம் என்பதை நம்பவேண்டாம். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நீளமாகப் போகவேண்டியிருக்கும்.

முதலில் இந்தத் 'தசையில் சேர்ந்து கிடக்கிறது' என்ற பேச்சு. இடுப்புக்குள் ஆழத்தில் ஒரு தசை இருக்கிறது, வாழ்நாள் சோகமெல்லாம் அதில்தான் இருக்கிறது, அதை நீட்டி இழுத்தால் அழுகையாக வெளியே கொட்டிவிடும் என்று சொல்லும் காணொளிகளுக்குக் குறைவே இல்லை. தசைக்கு நினைவு வைத்துக்கொள்ளத் தெரியாது. நரம்பு இறுகு என்றால் இறுகும், விடு என்றால் விடும். உங்கள் தோள்பட்டை இறுக்கம் நிஜம், வலியும் நிஜம், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அங்கே அடைபட்டுக் கிடக்கும் சரக்கு என்று எதுவும் கிடையாது. மூளையும் நரம்பு மண்டலமும் எப்போதோ பிறப்பித்த ஒரு கட்டளை இன்னும் ரத்தாகாமல் ஓடிக்கொண்டிருக்கிறது, அதைத்தான் தோள்பட்டை செய்துகாட்டுகிறது. சரக்கு என்றால் பிடுங்கி எறியலாம். பழகிப்போன கட்டளை என்றால் வேறொன்றைப் பழக்கித்தான் மாற்றமுடியும், அதற்கு நாளாகும். நான் கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் வருகிறது.

ஆபத்து வரும்போது யோசிக்க நேரமில்லை. மூளையின் அமிக்டலா போன்ற பகுதிகள் நாம் 'ஐயோ' என்று நினைப்பதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடும். அட்ரினலின் பாயும், இதயம் வேகமெடுக்கும், செரிமானம் மந்தமாகும், மூச்சு மேலேயே நிற்கும், கை கால் தசைகள் முறுக்கேறும். சண்டை போடவோ ஓடவோ உடம்பு தயாராகிறது. இரண்டுக்கும் வழியில்லாதபோது மூன்றாவதாக ஒன்று நடக்கும், அப்படியே உறைந்துபோவது. சத்தம் வராது, கை தூக்க முடியாது. இதைக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும், ஏனென்றால் பலரை வருடக்கணக்கில் அரிப்பது நடந்த சம்பவத்தைவிட 'நான் ஏன் கத்தவில்லை, ஏன் தள்ளிவிடவில்லை' என்ற கேள்விதான். 2017-ல் ஸ்வீடனில் பாலியல் வன்முறைக்கு உள்ளாகி அவசர சிகிச்சைக்கு வந்த பெண்களிடம் நடத்திய ஆய்வில் சுமார் 70% பேர் குறிப்பிடத்தக்க அளவு இப்படி உறைந்துபோனதாகச் சொன்னார்கள். அது கோழைத்தனமும் இல்லை, சம்மதமும் இல்லை. நம்மைக் கேட்காமல் உடம்பு தானாக எடுக்கும் முடிவு. இந்த ஒரு தகவலைக் கேட்டதும் நாற்காலியில் சரிந்து பெருமூச்சு விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆபத்து தீர்ந்ததும் பெரும்பாலானவர்களுக்கு இது தானாக அடங்கிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் 70% பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது கடும் அதிர்ச்சி தரக்கூடிய ஒரு சம்பவத்தைச் சந்திக்கிறார்கள், அவர்களில் 5.6% பேருக்குத்தான் அது பி.டி.எஸ்.டி. எனப்படும் நோயாக நிலைக்கிறது. கெட்டது நடந்த எல்லோருக்குள்ளும் ட்ராமா புதைந்து கிடக்கிறது, தோண்டி எடுக்காமல் விடக்கூடாது என்று யாராவது பயமுறுத்தினால் இந்த எண்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நிலைத்துவிட்டவர்களுக்கு நிலைமை வேறு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நரம்பு மண்டலத்துக்கு அப்படியே பொருந்தும். ஒரு குரலின் தொனி, ஒரு வாசனை, பின்னாலிருந்து வரும் காலடிச் சத்தம், ஏதோ ஒன்று பழையதை லேசாக ஒத்திருந்தாலே போதும், முழுப் படையும் கிளம்பிவிடும்.

பேசிப் பேசியும் உடம்புக்கு ஏன் புரியவில்லை? எச்சரிக்கை கொடுக்கும் அந்தப் பகுதி விளக்கத்தைக் கேட்டு மாறுவதில்லை, அனுபவத்தைப் பார்த்துத்தான் மாறும். 'இப்போது ஆபத்தில்லை' என்று நூறு தடவை சொல்வதைவிட, பயம் கிளம்பி, ஏறி, எதுவும் நடக்காமல் தானாக இறங்குவதை உடம்பு நாலு தடவை அனுபவித்தால் அது அதிகம் கற்றுக்கொள்கிறது. தவிர, மூளைக்கும் உள்ளுறுப்புகளுக்கும் இடையே ஓடும் வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறக்குறைய 80% உடம்பிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. மேலிருந்து கீழே போகும் கட்டளையைவிடக் கீழிருந்து மேலே போகும் தகவல்தான் அந்தப் பாதையில் அதிகம். மூச்சும் தசையும் நிதானமாக இருந்தால் அதுவும் மூளைக்கு ஒரு செய்தி.

இங்கே ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். 'பேச்சுச் சிகிச்சை எனக்கு வேலை செய்யவில்லை' என்று வருகிறவர்களில் கணிசமானவர்கள் ட்ராமாவுக்கென்று வகுத்த சிகிச்சையை எடுத்துக்கொண்டதே இல்லை. வாரம் ஒருமுறை ஒரு நல்ல மனிதர் பரிவோடு கேட்டிருக்கிறார், ஆறுதலாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். அது வேறு. நினைவைத் திட்டமிட்டு, படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சைகளும், சம்பவத்தைப் பற்றி மனதில் ஊறிப்போன முடிவுகளைத் திருத்தும் சிகிச்சைகளும் வேறு. அவற்றில் உடம்பும் பயந்து அடங்கத்தான் செய்கிறது, பேச்சு மட்டும் இல்லை. 2013-ல் உலக சுகாதார நிறுவனம் பி.டி.எஸ்.டி.க்குப் பரிந்துரைத்தவற்றில் ட்ராமாவை மையமாகக் கொண்ட சி.பி.டி.யும் (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை), கண்களை இடமும் வலமும் நகர்த்தியபடி நினைவைக் கையாளும் ஈ.எம்.டி.ஆர். முறையும் உண்டு. ஆதாரத்தின் கனத்தைப் பார்த்தால் இவைதான் முன்வரிசை. நீங்கள் இவற்றைத் தொடவே இல்லையென்றால், உடல்வழி முறைக்குத் தாவுவதற்கு முன் இதையும் யோசியுங்கள்.

சரி, உடல்வழிச் சிகிச்சைக்கு வருவோம். இது ஒரே முறை இல்லை, ஒரு குடும்பம். 1930-களில் வில்ஹெல்ம் ரைக் என்ற உளப்பகுப்பாய்வாளர் மனதின் தற்காப்பு தசை இறுக்கமாகக் கவசம்போல நிற்கிறது என்று சொன்னார் (பிற்காலத்தில் அவர் போன வழி விசித்திரமானது, அது இங்கே வேண்டாம்). 1970-களில் பீட்டர் லெவின் சோமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் என்ற முறையை உருவாக்கத் தொடங்கினார். பாட் ஆக்டன் சென்சரிமோட்டார் சைக்கோதெரபியை உருவாக்கினார். ட்ராமாவுக்கென்று மாற்றியமைத்த யோகாவும் இந்த வரிசையில் உண்டு. பெயர்கள் ஆளுக்கொன்று, ஆனால் நல்ல சிகிச்சையாளர் அறைக்குள் செய்வது பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஒரு செஷனை மனதில் ஓட்டிப் பாருங்கள். கார் விபத்தில் சிக்கியவர் ஒருவர். கதையைப் பலரிடம் பலமுறை சொன்னவர், வேறு யாருக்கோ நடந்ததுபோல ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லிக்கொண்டு போகிறார். சிகிச்சையாளர் கதையைவிட அவருடைய வலது காலை அதிகம் கவனிக்கிறார். மோதும் இடம் நெருங்க நெருங்கக் குதிகால் தரையில் ஊன்றியபடி முன்பாதம் லேசாக அழுந்துகிறது, பிரேக்கை மிதிக்கும் அதே அசைவு. அங்கேயே நிறுத்தச் சொல்கிறார். கதை மேலே போகவேண்டாம், காலில் என்ன தெரிகிறது? ஒன்றுமில்லை என்கிறார் முதலில். அப்புறம், கெண்டைக்கால் இறுகியிருக்கிறது என்கிறார். அந்தக் கால் என்ன செய்யப் பார்க்கிறது? மிதிக்கப் பார்க்கிறது. சரி, மிதியுங்கள், ஆனால் ரொம்ப மெதுவாக. மிதிக்கிறார். தொடை நடுங்குகிறது, உள்ளங்கை வேர்க்கிறது, மூச்சு நின்று நின்று வருகிறது. அந்த நேரத்தில் அவரை இன்னும் ஆழத்துக்கு இழுக்காமல், தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்க்கச் சொல்கிறார், நாற்காலி முதுகைத் தாங்குவது தெரிகிறதா என்று கேட்கிறார். கொஞ்ச நேரத்தில் தானாக ஒரு நீண்ட மூச்சு வெளியே வருகிறது, தோள் இறங்குகிறது. மறுபடி காலுக்குப் போகிறார்கள், மறுபடி ஜன்னலுக்கு வருகிறார்கள். அன்றைக்கு அவ்வளவுதான். விபத்தின் மீதிக் கதை சொல்லப்படவே இல்லை.

வெளியிலிருந்து பார்த்தால் சப்பென்று இருக்கும். ஆனால் சிகிச்சையே இந்தப் போய்வருவதில்தான் இருக்கிறது. பயத்தைச் சொட்டுச் சொட்டாகத் தொடுவது, தொட்டதும் பத்திரமான இடத்துக்குத் திரும்புவது, திரும்ப முடிகிறது என்பதை உடம்பு தெரிந்துகொள்வது. மிகையான பதற்றத்துக்கும் மரத்துப்போவதற்கும் நடுவே ஒரு தாங்கும் எல்லை இருக்கிறது, அதற்குள் இருக்கும்போதுதான் கற்றல் நடக்கும், வெளியே போய்விட்டால் உடம்பு பழைய பாடத்தையே இன்னொரு முறை மனப்பாடம் செய்யும். நிறுத்து என்று சொன்னால் நிற்கும் என்பதும் இதில் அடக்கம். அதிர்ச்சி என்பதே பெரும்பாலும் நம் கையில் எதுவும் இல்லாமல் போன அனுபவம், அதனால் எவ்வளவு, எப்போது, போதுமா என்பதை நீங்கள் தீர்மானிப்பது மரியாதைக்காகச் செய்வதில்லை, மருந்தே அதுதான்.

முகாம்கள் இதற்கு நேரெதிர். சத்தமான இசை, இருபது முப்பது பேர், விடாமல் வேகமாக மூச்சு விடச் சொல்வார்கள். கொஞ்ச நேரத்தில் உதடும் விரலும் மதமதக்கும், கை தானாக வளைந்து கொக்கிபோல இறுகும், தலை கிறுகிறுக்கும். 'பார்த்தீர்களா, ட்ராமா வெளியேறுகிறது' என்பார்கள். வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, அதனால் ரத்தத்தின் காரத்தன்மை கூடி, நரம்புகள் எளிதில் தூண்டப்படுகின்றன, விரல்கள் இழுத்துக்கொள்கின்றன. எந்தச் சோகமும் இல்லாதவர் செய்தாலும் இதேதான் நடக்கும். அழுகையும் வரும், கூட்டத்தில் நாலு பேர் அழுதால் ஐந்தாவது ஆளுக்கும் வரும், வீட்டுக்கு வரும்போது மனசு லேசாகவும் இருக்கும். அந்த லேசு ஒரு வாரம் இருக்கும். பலருக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை, பணம்தான் போகும். ஆனால் கடுமையான அதிர்ச்சியோடு இருப்பவர் அங்கே தாங்கும் எல்லையைத் தாண்டித் தூக்கி வீசப்பட்டு, தூக்கமில்லாமல், பழைய காட்சிகள் கண்முன் ஓட, முன்பைவிட மோசமாகத் திரும்பி வருவதும் நடக்கிறது. அப்போது 'இது குணமாவதற்கு முன் வரும் கலக்கம்' என்று சொல்லி அடுத்த முகாமுக்கு அழைப்பார்கள். எனக்கு உண்மையாகவே கோபம் வரும் இடம் இது.

இதைவிட ஆபத்தான ஒன்றும் உண்டு. உங்கள் இடுப்பு இறுக்கத்தைப் பார்த்து, 'சின்ன வயதில் உங்களுக்கு ஏதோ நடந்திருக்கிறது, உங்களுக்கு ஞாபகமில்லை, உடம்புக்கு இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். உடம்பின் இறுக்கத்திலிருந்து நடந்த சம்பவத்தைப் படித்துச் சொல்ல யாராலும் முடியாது. நடக்காததை நடந்ததாக நம்பவைப்பதோ அவ்வளவு கடினமில்லை: உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், குழந்தையாக இருந்தபோது கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு பொய்க்கதையைச் சொன்னபோது, 24 பேரில் 6 பேர் அதை முழுதாகவோ பாதியாகவோ தங்கள் நினைவாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

அப்படியானால் ஒழுங்காகச் செய்யும் உடல்வழிச் சிகிச்சைக்கு ஆதாரம் இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் சிறியது. 2014-ல் ட்ராமா ஆய்வாளர் பெசல் வான் டெர் கோல்க்கின் குழு, மற்ற சிகிச்சைகளில் குணமாகாத பி.டி.எஸ்.டி. உள்ள 64 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 10 வாரம் ட்ராமாவுக்கேற்ற யோகாவும் மறு பாதிக்கு உடல்நலக் கல்வி வகுப்பும் கொடுத்தது. முடிவில் யோகா குழுவில் 52% பேரும் மற்றதில் 21% பேரும் பி.டி.எஸ்.டி. வரையறைக்கு வெளியே வந்திருந்தார்கள். 2017-ல் இஸ்ரேலில் 63 பேரிடம் சோமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்கைச் சோதித்தார்கள், 15 வாராந்திர செஷன்கள். காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிடச் சிகிச்சை பெற்றவர்களுக்கு நல்ல முன்னேற்றம். காத்திருப்பவர்களோடு ஒப்பிட்டால் எந்தச் சிகிச்சையும் கொஞ்சம் நன்றாகத்தான் தெரியும் என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். என் கணிப்பு: உதவக்கூடியது, முன்வரிசைச் சிகிச்சைகளோடு சேர்த்தோ அவை ஒத்துவராதவர்களுக்கோ முயன்று பார்க்கத் தகுந்தது.

முறை உதவுகிறது என்பதற்காக அதற்குச் சொல்லப்படும் எல்லா விளக்கமும் உண்மையாகிவிடாது. காட்டு விலங்குகள் ஆபத்து தீர்ந்ததும் உடம்பை உதறிவிட்டுப் போய்விடுகின்றன, அதனால் அவற்றுக்கு ட்ராமாவே வராது என்ற கதையை இந்தத் துறையில் எங்கும் கேட்கலாம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் வேட்டையாடும் உயிர்களின் குரலை மட்டும் கேட்க வைத்த சிக்கடீ என்ற சிறு பறவைகளின் மூளையில், இயற்கையான சூழலில் ஒரு வாரம் கழித்தும் பயத்தின் தடயம் இருந்ததை 2019-ல் கனடா ஆய்வாளர்கள் காட்டினார்கள். பாதுகாப்பு, ஆபத்து உணர்வுகளை வேகஸ் நரம்பை வைத்து விளக்கும் ஸ்டீபன் போர்ஜஸின் பாலிவேகல் கோட்பாடும் அப்படித்தான்: சிகிச்சையாளர்களுக்கு வசதியான வரைபடம், ஆனால் அதன் பரிணாமக் கூற்றுகளை உடலியல் வல்லுநர்கள் பலர் ஏற்கவில்லை. நடுங்கினால் நடுங்கட்டும், அடக்கவேண்டாம். நடுக்கம் வரவில்லையே என்று கவலைப்படவும் வேண்டாம்.

வீட்டில் என்ன செய்யலாம் என்றால், கொஞ்சம்தான். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்து விட்டுப் பாருங்கள்: இழுக்கும்போது துடிப்பு சற்று நெருங்கும், விடும்போது விலகும். அதனால்தான் விடும் மூச்சை நீட்டினால் உடம்பு தணிகிறது, நாலு எண்ண இழுத்து ஆறு எண்ண விட்டால் போதும். ஆனால் மூச்சைக் கவனித்தாலே பதறுகிறவர்கள் இருக்கிறார்கள், கழுத்து நெரிபட்டவர்கள், மூச்சுத்திணறலை அனுபவித்தவர்கள். அவர்கள் மூச்சை விட்டுவிடலாம், கட்டாயம் எதுவும் இல்லை. நெஞ்சு, வயிறு போன்ற கனமான இடங்களில் தொடங்காமல் பாதம், உள்ளங்கை போன்ற இடங்களில் தொடங்குங்கள். அறையைச் சுற்றி நிதானமாகத் தலையைத் திருப்பிப் பார்ப்பது, சுவரில் கையை ஊன்றித் தள்ளுவது, இதெல்லாம் சாதாரணமாகத் தெரிந்தாலும் பயன் தரும். செய்யச் செய்ய உடம்பு மரத்துப்போகிறது, அறை தூரமாகப் போவதுபோல் இருக்கிறது என்றால் நிறுத்திவிடுங்கள். அதைத் தனியாகக் கையாளவேண்டாம். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் இருந்தால் இதெல்லாம் அப்புறம், முதலில் மனநல மருத்துவர்.

தொண்டை, வயிறு, நெஞ்சு என்று வரும் தொந்தரவெல்லாம் ட்ராமாதான் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. தைராய்டு, ரத்தசோகை, இதயத் துடிப்புக் கோளாறு, வயிற்றுப் புண் எல்லாம் இதே வேஷம் போடும், ஒரு பொது மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, குரலை உயர்த்தும் அந்த ஆள் இன்னும் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார் என்றால் உங்கள் நரம்பு மண்டலம் பழசை நினைத்துப் பயப்படவில்லை, இருப்பதைப் பார்த்துச் சரியாகவே எச்சரிக்கிறது. அதைத் தணிக்கப் பயிற்சி தேடுவதைவிட அங்கிருந்து விலக வழி தேடவேண்டும்.

சிகிச்சையாளரைத் தேடும்போது, உடல்வழிப் பயிற்சியின் சான்றிதழ் மட்டும் போதாது. அதற்கு அடியில் உளவியலிலோ மருத்துவத்திலோ முறையான படிப்பும் உரிமமும் இருக்கிறதா என்று கேளுங்கள். உடம்பைத் தொடுவீர்களா, எதற்கு, நான் வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள் என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். இந்தக் கேள்வியால் முகம் சுளிக்கிறவரிடம் இரண்டாவது முறை போகவேண்டாம். மனநல மருந்து எடுத்துக்கொண்டிருந்தால், யார் சொன்னாலும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

வேலை செய்கிறதா என்பதை எவ்வளவு அழுதோம் என்பதை வைத்து அளக்காதீர்கள். அடுத்த முறை யாராவது குரலை உயர்த்தினால் தொண்டை மறுபடி கட்டத்தான் செய்யும், ஆனால் முன்பு மறுநாள் வரை இழுத்தது இப்போது எவ்வளவு நேரத்தில் விடுகிறது என்று பாருங்கள். தூக்கம், தவிர்த்துவந்த இடங்களுக்குப் போகமுடிவது, கோபம் வந்தால் அது கோபம் என்று தெரிவது, இவைதான் கணக்கு. மூன்று நான்கு மாதம் போயும் இதில் எதுவும் நகரவில்லை என்றால் சிகிச்சையாளரிடம் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். நல்லவராக இருந்தால் முறையை மாற்றுவார், இல்லையென்றால் ஈ.எம்.டி.ஆர்.-ஓ ட்ராமாவுக்கான சி.பி.டி.-யோ தெரிந்த இன்னொருவரிடம் அவரே அனுப்பிவைப்பார்.